கல் போய்விட்டது, குழாய் இருக்கிறது!

கிட்னி கல் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள் கவனிக்க வேண்டியவை

பல்லாவரம், திரிசூலம் மலைகள் கல்லுக்குப் பேர் போனவை. அங்கே கல் உடைப்பது பழைய தொழில். வெடி வைத்துப் பாறையைப் பிளந்தார்கள். உடைந்த ஜல்லியை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

மனிதனின் உடம்புக்குள்ளும் கல் உண்டாகிறது. அதையும் டாக்டர்கள் உடைக்கிறார்கள். ஆனால், அந்த ஜல்லியை அள்ளிப் போக லாரி வராது! அது சிறுநீர் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பாதையோ மிகவும் ஒடுக்கமானது.

ஆகவே, கல்லை உடைத்தவுடன் கதை முடிந்துவிடுவது இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சில வாரங்கள் கவனமாக இருக்க வேண்டும். எரிச்சல் இருக்கும். வலி இருக்கும். சிறுநீர் சிவந்து போகும். இவற்றில் எது சாதாரணம், எது ஆபத்து என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. அது என்ன?

அதைத் தெரிந்துகொள்ளும் முன்பு, கல் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

கல் எப்படி உண்டாகிறது?

சிறுநீரில் பலவகை உப்புகள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிறது. கரைந்திருந்த உப்புகள் படிகமாகத் திரள்கின்றன. முதலில் மணல் போல இருக்கும். பிறகு கல்லாக வளரும்.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு வேர்வையாகவே தண்ணீர் போய்விடுகிறது. ஜி.எஸ்.டி. சாலையில் நாள் முழுவதும் ஆட்டோ ஓட்டுகிறவர், கட்டிட வேலை செய்கிறவர், பஸ் கண்டக்டர் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம்.

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள்! கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் பெண்கள், பக்கத்தில் நல்ல கழிப்பறை இல்லாத இடங்களில் வேலை பார்ப்பவர்கள் இப்படிச் செய்கிறார்கள். ‘‘குடித்தால் போக வேண்டும், போக இடம் இல்லை’’ என்பது அவர்களின் கஷ்டம்.

கல் சிறுநீரகத்துக்குள் சும்மா இருந்தால், பல நேரம் வலியே தெரியாது. அது நகர்ந்து, சிறுநீர் இறங்கும் குழாயில் வந்து அடைத்துக்கொண்டால் தான் தொல்லை. விலாவில் தொடங்கும் வலி அடிவயிறு வரை இழுக்கும். உட்கார முடியாது. படுக்க முடியாது. பெரிய பயில்வானும் துடித்துப் போவார்!

மூன்று வழிகள்

சின்னக் கல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். வராத கல்லை எடுக்க இன்று முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, அதிர்ச்சி அலை. உடம்பை வெட்டாமல், வெளியில் இருந்து அலைகளை அனுப்பிக் கல்லைப் பொடியாக்குவது.

இரண்டு, லேசர். சிறுநீர் வரும் பாதை வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, கல்லை லேசர் கொண்டு உடைப்பது.

மூன்று, முதுகில் துளை போட்டு எடுப்பது. இது பெரிய கற்களுக்கு. முதுகுப் பக்கம் ஒரு சிறிய துளை வழியாகச் சிறுநீரகத்துக்குள் கருவியை விட்டு, கல்லை உடைத்து எடுப்பார்கள்.

அதிர்ச்சி அலை வைத்தியம் பிறந்த கதை வேடிக்கையானது. ஜெர்மனியில் டோர்னியர் என்று ஒரு விமானக் கம்பெனி. அதிவேகமாகப் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதினால் என்ன ஆகிறது என்று அந்தக் கம்பெனியார் ஆராய்ந்தார்கள். மோதும் இடத்தில் உண்டாகும் அதிர்ச்சி அலை, பொருளின் உள்ளேயும் பாய்வதைக் கண்டார்கள். ‘இதைக் கொண்டு உடம்பில் இருக்கும் கல்லை உடைக்கலாமே!’ என்ற யோசனை அதிலிருந்து வளர்ந்தது.

1980-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஜெர்மனியின் மூனிச் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் சௌசியும் அவருடைய குழுவினரும் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இந்த வைத்தியம் செய்தார்கள். நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இருத்தி அலையைச் செலுத்தினார்கள். கத்தி படாமலே கல் உடைந்தது!

‘கல் எடுத்தாச்சு, இன்னும் ஏன் எரிகிறது?’

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பலருடைய விஷயத்தில் இதற்குப் பதில் ஒரு குழாய்!

கல்லை எடுத்த பிறகு, சிறுநீர்ப் பாதை வீங்கியிருக்கும். உடைந்த துகள்களும் அங்கே அடைத்துக்கொள்ளக் கூடும். சிறுநீர் தடை இல்லாமல் இறங்குவதற்காக, டாக்டர்கள் உள்ளே ஒரு மெல்லிய குழாயை வைக்கிறார்கள். பெரியவர்களுக்கு வைக்கும் குழாய் ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருக்கும். ஒரு முனை சிறுநீரகத்திலும், மறு முனை சிறுநீர்ப்பையிலும் இருக்கும்.

குழாய் மேலேயோ கீழேயோ நழுவிவிடாமல் இருக்க, இரண்டு முனைகளும் சுருண்டிருக்கும். ஆங்கில எழுத்தான ‘ஜே’யைப் போன்ற வளைவு அது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் இதை ‘டி.ஜே. ஸ்டென்ட்’ என்கிறார்கள். ‘டபுள் ஜே’ என்பதன் சுருக்கம் அது. 1978-ம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் ராய் பின்னி இந்த வடிவத்தை மருத்துவ உலகுக்கு எழுதி அறிவித்தார்.

இந்தக் குழாய் நன்மை செய்ய வந்த விருந்தாளி. ஆனால், சிறுநீர்ப்பைக்கு அதைப் பிடிப்பது இல்லை! குழாயின் முனை உரசும்போதெல்லாம் பை சுருங்குகிறது. ‘நிறைந்துவிட்டது, போ, போ’ என்று விரட்டுகிறது. போனால் கொஞ்சம்தான் வரும்.

எது சாதாரணம்?

குழாய் உள்ளே இருக்கும் வரை கீழ்க்கண்ட தொல்லைகள் வரலாம்:

அடிக்கடி சிறுநீர் போக வேண்டும் போல இருக்கும். இரவில் பல முறை எழ வேண்டியிருக்கும்.

போகும்போது எரியும். போய் முடித்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றும்.

சிறுநீர் கழிக்கும் நேரத்தில் விலாவில் ‘சுரீர்’ என்று இழுக்கும். பையில் இருக்கும் சிறுநீர் குழாய் வழியாக மேலே ஏறுவதே இதற்குக் காரணம்.

சிறுநீர் இளஞ்சிவப்பாக வரும். ஒரு நாள் தெளியும். மறுநாள் நடந்தாலோ, மாடிப்படி ஏறினாலோ மறுபடி சிவக்கும்.

இவற்றைக் கண்டு ‘ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது’ என்று மனம் உடைய வேண்டாம். குழாய் வெளியே வந்ததும் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை ஓரிரு நாட்களில் அடங்கிவிடும்.

அதிர்ச்சி அலை வைத்தியம் செய்துகொண்டவர்களுக்கு இடுப்புப் பக்கம் தோல் கன்றிப் போகலாம். சிறுநீரில் மணல் போலத் துகள் வரும். டாக்டர் சொல்லியிருந்தால், ஒரு வலைத்துணியில் வடிகட்டி அந்தத் துகளை எடுத்து வையுங்கள். என்ன வகைக் கல் என்று பரிசோதித்தால், மறுபடி வராமல் தடுப்பது எளிது.

தொல்லையைக் குறைப்பது எப்படி?

தண்ணீர்: ஒரே மூச்சில் குடம் குடமாகக் குடிக்க வேண்டாம். காலை முதல் மாலை வரை பிரித்துக் குடியுங்கள். தூங்கப் போகும் முன் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இரவில் எழுவது குறையும். எரிகிறதே என்று பயந்து தண்ணீரை நிறுத்துவது தவறு. சிறுநீர் கெட்டியானால் எரிச்சல் கூடும்! இதய நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடக்காதீர்கள்: பை நிறைந்தால் வலி அதிகம். தோன்றியதும் போய்விட வேண்டும். அவசரப்படாமல் முழுவதும் போக வேண்டும். மின்சார ரெயிலில் ஏறும் முன்பு, நிலையத்திலேயே போய்விட்டு ஏறுவது நல்லது.

மாத்திரை: பையின் முறுக்கைத் தளர்த்த மாத்திரைகள் உண்டு. வலிக்கும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்ததை, சொன்ன நேரத்தில் சாப்பிடுங்கள். ‘‘ஒரு வலி மாத்திரை கொடுங்கள்’’ என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கே கெடுதல் செய்யும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், வயதானவர்களும் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மலச்சிக்கல்: முக்கினால் வலி அதிகமாகும்; ரத்தமும் வரலாம். பழம், காய்கறி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை: மெல்ல நடக்கலாம். வீட்டில் சின்ன வேலைகள் செய்யலாம். தண்ணீர்க் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை தூக்க வேண்டாம். பள்ளம் மேடான சாலையில் இருசக்கர வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போனால் சிறுநீர் சிவக்கும். முதுகில் துளை போட்டு எடுத்தவர்களுக்கு ஓய்வு இன்னும் அதிக நாள் வேண்டும். வேலைக்கு என்று போகலாம் என்பதை டாக்டரிடமே கேளுங்கள். கணவன், மனைவி சேர்ந்து இருப்பது பற்றியும் கேட்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நூல்: சில குழாய்களின் முனையில் நூல் கட்டியிருப்பார்கள். நூல் வெளியே தெரியும். அதை இழுக்கக் கூடாது!

உடனே ஓட வேண்டிய நேரம்

இனி சொல்லப்போவது மிக முக்கியம். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால்–

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால்–

தக்காளிச் சாறு போலக் கெட்டியாகவோ, கட்டி கட்டியாகவோ ரத்தம் போனால்–

மாத்திரைக்கும் அடங்காத வலி இருந்தால்–

வாந்தி நிற்காமல், தண்ணீர் கூடத் தங்காமல் போனால்–

குழாய் நழுவி வெளியே வந்துவிட்டால்–

காத்திருக்கக் கூடாது. கஷாயம் வைத்துப் பார்ப்போம், காலையில் போவோம் என்று இருக்கக் கூடாது. இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி இல்லையா? 108-க்குப் போன் செய்யுங்கள்.

இவற்றில் காய்ச்சல்தான் பெரிய எதிரி. சிறுநீரில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால், சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து வரலாம்.

முதுகில் துளை போட்டவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஓரிரு வாரம் கழித்துக் கூட, சிலருக்குத் திடீர் என்று அதிக ரத்தம் போவது உண்டு. ‘ஆபரேஷன் முடிந்து இத்தனை நாள் ஆயிற்றே’ என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

மறக்கக் கூடாத விஷயம்

முதலில் சொன்ன அந்த ஒரு விஷயத்துக்கு இப்போது வருவோம்.

குழாய் உள்ளே இருக்கிறது. அது தானாகக் கரையாது. தானாக வெளியே வராது. டாக்டர்தான் எடுக்க வேண்டும்!

சிலருக்கு ஒரு வாரத்தில் எடுப்பார்கள். சிலருக்குச் சில வாரங்கள் ஆகும். அது கல்லையும், ஆபரேஷனையும் பொறுத்தது. பொதுவாக 3 மாதத்துக்கு மேல் ஒரே குழாயை விட்டு வைப்பது இல்லை.

தேதி தாண்டினால் என்ன ஆகும்? எந்த உப்பு சிறுநீரகத்தில் கல்லானதோ, அதே உப்பு குழாயின் மேலும் படியத் தொடங்கும். கல்லுக்காக வைத்த குழாயே கல்லாகிவிடும்! பிறகு அதை எளிதில் உருவ முடியாது. சில நேரம் உள்ளேயே முறிந்து போகும். அதை எடுக்க, முதல் ஆபரேஷனை விடப் பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம். கிருமி சேரும். வருடக்கணக்கில் கிடந்தால், சிறுநீரகமே செயல் இழந்து போகக் கூடும்.

இது எங்கோ நடக்கும் அபூர்வக் கதை அல்ல. ‘மறந்து போன குழாய்’ என்று டாக்டர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இந்திய மருத்துவர்கள் இதைப் பற்றிப் பலமுறை எழுதி எச்சரித்திருக்கிறார்கள்.

ஏன் மறக்கிறார்கள்?

வலி போய்விடுகிறது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கோ தொலைந்துவிடுகிறது. வாடகை வீடு மாறுகிறார்கள். சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். சிலருக்கு உள்ளே குழாய் வைத்திருக்கும் விஷயமே புரிவது இல்லை!

தாம்பரம் சுற்று வட்டாரத்தில், வெளியூரில் இருந்தும் வெளி மாநிலத்தில் இருந்தும் வந்து வேலை செய்வோர் ஏராளம். ஆபரேஷன் ஒரு ஊரில், ஓய்வு வேறு ஊரில் என்று ஆகிவிடுகிறது. அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களும், உடன் வேலை செய்கிறவர்களும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

லண்டன்காரர் மறக்கவில்லை!

350 ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்பவர் இருந்தார். டைரி எழுதிப் புகழ் பெற்றவர். அவருக்கு 25 வயதில் சிறுநீர்ப்பையில் பெரிய கல். 1658-ம் ஆண்டு மார்ச் 26-ந்தேதி ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது! அறுத்துத்தான் கல்லை எடுத்தார்கள். பெப்பிஸ் பிழைத்தார். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் விருந்து வைத்துக் கொண்டாடுவது என்று முடிவு செய்தார். எடுத்த கல்லையும் பத்திரமாக வைத்திருந்தார்.

அவர் ஆண்டுதோறும் ஒரு தேதியை நினைவில் வைத்தார். நாம் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு தேதிதான்!

வீட்டுக்கு வரும் முன்பு ஆஸ்பத்திரியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

எனக்குக் குழாய் வைத்திருக்கிறீர்களா?

எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்?

எங்கே, யாரிடம் வர வேண்டும்?

பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். வீட்டில் இன்னொருவர் செல்போனிலும் நினைவூட்டல் வைக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் போதும். அது மறக்காது!

எடுக்கும்போது வலிக்குமா?

இந்தப் பயத்தாலும் சிலர் போவது இல்லை. குழாய் எடுப்பது பெரிய ஆபரேஷன் அல்ல. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரத்துப் போகும் களிம்பு மருந்தைச் செலுத்தி, சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டுக் குழாயைப் பிடித்து எடுத்துவிடுவார்கள். சில நிமிட வேலை. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். விலாவில் வலியும் வரலாம். பிறகு நிம்மதி!

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போவது நல்லது. அது முடியாவிட்டாலும் எடுக்காமல் இருந்துவிடக் கூடாது. தென் சென்னைப் புறநகர் மக்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கிண்டியில், 2023-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி திறக்கப்பட்ட 1,000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. பழைய சீட்டு, எக்ஸ்-ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போக வேண்டும். முதல்-அமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

வாழைத்தண்டு சாப்பிடலாமா?

சாப்பிடலாம். வாழைத்தண்டு நல்ல உணவு. ஆனால், அது குழாயை எடுத்துவிடாது!

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005-ம் ஆண்டு திறக்கப்பட்டது. கல்லடைப்புக்குச் சித்த மருந்து சாப்பிட விரும்புகிறவர்கள், முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போக வேண்டும். உள்ளே குழாய் இருப்பதை அவரிடம் சொல்ல வேண்டும். என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

மறுபடி வராமல் இருக்க

ஒரு முறை கல் வந்தவருக்கு மறுபடியும் வரலாம். தடுக்க வழி உண்டா? உண்டு. அது விலை அதிகம் இல்லாதது. தண்ணீர்!

இத்தாலி நாட்டில் முதல் முறையாகக் கல் வந்தவர்களை 5 ஆண்டுகள் கவனித்துப் பார்த்தார்கள். முடிவு 1996-ம் ஆண்டு வெளியாயிற்று. தண்ணீர் அதிகம் குடித்த 99 பேரில் 12 பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது. வழக்கம் போல இருந்த 100 பேரில் 27 பேருக்கு வந்தது.

ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. அளந்து பார்க்க வேண்டியது இல்லை. சிறுநீர் வெளுத்திருந்தால் போதுமானது. மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம்.

‘‘எங்கள் தெருவில் போர் தண்ணீர். பாத்திரத்தில் எல்லாம் வெள்ளையாகப் படிகிறது. இதைக் குடித்தால் கல் வராதா?’’ என்று பலர் கேட்கிறார்கள். கடினத் தண்ணீர்தான் கல்லுக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. குடிக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்பது உண்மை. ஆனால், தண்ணீருக்குப் பயந்து குறைவாகக் குடிப்பதுதான் பெரிய ஆபத்து.

உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை எப்போதாவது வைத்துக்கொள்ளலாம். இறைச்சியை அளவோடு சாப்பிடுங்கள். எலுமிச்சைச் சாறு நல்லது. அதில் உப்பை அள்ளிப் போடாதீர்கள்.

‘கல்லில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதே’ என்று சிலர் பால், மோரை நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. இதையும் இத்தாலியில் ஆராய்ந்து, 2002-ம் ஆண்டு வெளியிட்டார்கள். அடிக்கடி கல் வந்த 120 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். சுண்ணாம்புச் சத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. சுண்ணாம்புச் சத்தை வழக்கம் போல எடுத்துக்கொண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. ஆகவே, மோர் குடிக்கலாம்!

இவை எல்லாம் நாளைக்கு ஆக வேண்டியவை. இன்றைக்கு ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ சமீபத்தில் யாருக்காவது கிட்னி கல் எடுத்தார்களா? இன்றைக்கே கேளுங்கள்: ‘‘குழாய் வைத்தார்களா? எடுத்தாயிற்றா?’’

‘தெரியவில்லையே’ என்று பதில் வந்தால், நாளைக்குக் காலையிலேயே சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். ஒரு எக்ஸ்-ரே எடுத்தால் உள்ளே குழாய் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும்.

அந்த ஒரு கேள்வி, ஒருவருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம்!